பழைய கதிரை இரண்டு, பச்சைப் பெயின்ற் அடித்த அலுமாரி ஒன்று: பத்தாயிரம் ரூபாவுக்குள் எழுப்பலாமா?

பரந்தன்காரன் | ஞாயிறு, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை வவுனியாவில் ஒரு பழைய சாமான் கடையில் கைபிடி வைத்த கதிரை இரண்டும் இரட்டைக் கதவு அலுமாரி ஒன்றும் வாங்கினேன். மூன்றுக்கும் சேர்த்து 14,500 ரூபா. பட்டா லொறியில் ஏற்றி வந்த கூலி வேறு.

கதிரைகளின் பிரம்புப் பின்னல் பிய்ந்து, நடுவில் பூசணிக்காய் போகிற அளவு ஓட்டை. ஒன்றின் பின்கால் ஆடுகிறது. அலுமாரிக்கு யாரோ பச்சை எனாமலை மூன்று நான்கு தரம் அடித்திருக்கிறார்கள். அதன் கீழ்ப்பலகையில் ஊசியால் குத்தியது போல ஓட்டைகள். ஒரு லாச்சி இழுக்க வராது, இழுத்தால் போகாது. "இவ்வளவு காசுக்கு விறகு வாங்கி வந்திருக்கிறீர்கள்" என்று மனைவி சொல்லிவிட்டார்.

இன்னும் 10,000 ரூபா செலவழிக்கலாம். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. என்னிடம் சுத்தியல், உளி ஒன்று, அயலில் இரவல் கேட்டால் ஒரு டிறில். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். எங்கே தொடங்குவது?

ஒட்டுசுட்டான் தம்பி | ஞாயிறு, இரவு 8.55

அண்ணை, மூன்றுக்கும் வெள்ளைப் பெயின்ற் அடித்து மூலைகளை மட்டும் லேசாகத் தேய்த்து விடுங்கள். யூரியூப்பில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு நாள் வேலை.

உளிச்சத்தம் | ஞாயிறு, இரவு 9.30

தம்பி, இரண்டு நாளில் முடிக்கிற அவசரத்தில்தான் அந்த அலுமாரிக்கு நாலு பூச்சுப் பச்சை ஏறியிருக்கிறது.

பரந்தன்காரன், முதலில் அது என்ன மரம் என்று பாருங்கள். முகப்பில் தெரியாது. கதிரையைக் கவிழ்த்து இருக்கைச் சட்டத்தின் அடிப்பக்கம், லாச்சியின் பின்பக்கம், அலுமாரிக் கதவின் மேல் விளிம்பு: இங்கெல்லாம் பெயின்ற் பூசுகிறவன் கை வைக்கமாட்டான். விரலளவு இடத்தைச் சுரண்டுங்கள்.

மஞ்சள் கலந்த பொன் நிறமாக, நகம் இறங்காத இறுக்கமாக, தூக்கினால் இடுப்பு நோகிற பாரமாக இருந்தால் முதிரை. பழுப்பு நிறத்தில் கையில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கும், தேய்த்தால் பழைய தோல் மணம் போல ஒரு மணமும் வந்தால் தேக்கு. செம்பழுப்பாக, இழை குறுக்கும் நெடுக்கும் ஓடினால் அநேகமாக வேம்பு. எங்கள் பக்கத்தில் வேப்பமரத்தில்தான் பாதிக் கட்டில்கள் செய்தார்கள். வைரத்தில், அதாவது மரத்தின் இறுகிய நடுப்பகுதியில், பூச்சி இலேசில் ஏறாது. வெட்டுமுகத்தில் மரத்தூளை அமுக்கி ஒட்டியது மாதிரித் தெரிந்தால் சிப்போட். அதற்கு ஒரு ரூபாவும் செலவழிக்காதீர்கள். ஒருமுறை ஈரம் குடித்து ஊதினால் திரும்ப இறங்காது, ஆணியும் பிடிக்காது.

முதிரைக்கு வெள்ளைப் பெயின்ற் அடிக்கிறவனோடு நான் கதைப்பதில்லை.

ஒட்டுசுட்டான் தம்பி | ஞாயிறு, இரவு 9.34

சரி ஐயா, சரி.

மல்லாவிச் சந்தி | திங்கள், காலை 6.50

நான் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறவன். பச்சைப் பெயின்றில் கை வைக்கும் முன் ஒரு விடயம். இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்குக் கட்டாய வரம்பு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய எனாமல், அதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பெயின்றை சாண்ட் பேப்பரால் தேய்த்தால் அந்தத் தூள் முற்றம் முழுக்கப் பறக்கும். தவழுகிற பிள்ளை கையை வாயில் வைக்கும். சூடு காட்டி உரிக்கிறதும் கூடாது, புகையாக உள்ளே போகும்.

பெயின்ற் றிமூவர் ஒரு சின்ன ரின் வாங்கிப் பூசி, இருபது நிமிடம் விட்டு, குமிழ்த்ததும் ஈரமாகவே சுரண்டி எடுங்கள். கீழே பழைய பொலித்தீன் விரித்து, உரிந்ததை அப்படியே சுருட்டிக் கட்டிவிடுங்கள். பிள்ளைகளை அன்றைக்கு அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. கையுறை கட்டாயம். றிமூவர் தோலில் பட்டால் மிளகாய் அரைத்த கைபோல எரியும்.

சிலர் கோஸ்ரிக் சோடா கரைத்து ஊற்றச் சொல்வார்கள். மலிவுதான். ஆனால் மரம் கறுக்கும், பொருத்துகளில் உள்ள பசையும் கரைந்து போகும்.

உளிச்சத்தம் | திங்கள், காலை 7.15

மல்லாவித் தம்பி சொன்னது சரி. சுரண்டுவதற்குத் தகடு வாங்க வேண்டாம். உடைந்த யன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றின் நேர் விளிம்பு போதும். நான் தொழில் பழகிய பட்டறையில் சீவுளிக்கு அடுத்தது கண்ணாடித் துண்டுதான். பிடிக்கிற பக்கத்துக்குத் துணி சுற்றுங்கள்.

பரந்தன்காரன் | புதன், இரவு 9.10

சுரண்டிப் பார்த்தேன் ஐயா. கதிரைகள் இரண்டும் முதிரை! அடிச்சட்டம் தேன் நிறத்தில் பளபளக்கிறது. அலுமாரியின் சட்டமும் கதவும் தேக்கு மாதிரி, மணமும் நீங்கள் சொன்ன மணம்தான். ஓட்டை விழுந்த கீழ்ப்பலகை மட்டும் வெளிறின நிறத்தில் வேறு ஏதோ.

மனைவியிடம் சொன்னேன். "அப்போ முதிரை விறகு" என்றார்.

உளிச்சத்தம் | புதன், இரவு 9.40

பூச்சி இடம் பார்த்துத்தான் ஏறியிருக்கிறது. உளுக்கிற வண்டு மாச்சத்துக்காக வருவது. அது இருப்பது வெளிற்றில், பட்டையை ஒட்டிய வெளிறின மரத்தில். வைரத்தில் அதற்குச் சாப்பாடு இல்லை. காசு மிச்சம் பிடிக்க உள்ளே வெளிற்றுப் பலகை வைத்து அடித்திருக்கிறார்கள்.

பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓட்டைகளைத் தூரிகையால் துப்புரவாகத் தட்டிவிட்டு, கீழே கறுப்புக் கடதாசி ஒன்றை விரித்து ஒரு கிழமை அசைக்காமல் விடுங்கள். மாவு போல புதுத் தூள் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. விழாவிட்டால் எப்போதோ பறந்து போன வீடு, பட்டி வைத்து அடைத்தால் சரி.

ஒட்டுசுட்டான் தம்பி | புதன், இரவு 9.52

மண்ணெண்ணெய் ஊற்றினால் போகாதா? எங்கள் வீட்டில் அதுதான். கட்டில் காலுக்குக் கழிவு ஒயிலும் பூசுவோம்.

கனகராயன்குளத்தாள் | வியாழன், காலை 5.30

தம்பி, மண்ணெண்ணெய் பட்ட பூச்சி சாகும். இரண்டு நாளில் எண்ணெய் ஆவியாகிப் போனபிறகு அடுத்த வண்டு வந்து முட்டை வைக்கும். கழிவு ஒயில் வேலிக் கட்டைக்குச் சரி. உடுப்பு அடுக்குகிற அலுமாரிக்குப் பூசினால் கலியாணச் சேலையெல்லாம் கராஜ் மணக்கும்.

நான் செய்தது இது. ஒரு லீற்றர் சுடுநீரில் 60 கிராம் வெண்காரமும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பூச்சு ஏதும் இல்லாத வெறும் மரத்தில் ஊறும் வரை பூசவேண்டும். காய்ந்ததும் இன்னொருமுறை. ஓட்டைகளுக்குள் ஊசி போடுகிற சிரிஞ்சால் விட்டேன். வார்னிஷுக்கு மேல் பூசினால் உள்ளே இறங்காது. மழையில் நனைகிற பொருளுக்கும் சரிவராது, கழுவிக்கொண்டு போய்விடும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் கரைத்து வையுங்கள், பார்க்கத் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும்.

பரந்தன்காரன் | ஞாயிறு, மாலை 6.05

ஒரு அவமானத்தைச் சொல்கிறேன். ஆடுகிற பின்கால் சின்ன வேலைதானே என்று மரப்பசையை இடுக்கில் ஊற்றி, நாலு அங்குல ஆணி ஒன்றும் அடித்து இறுக்கினேன். நேற்று மாமா வந்தார். இருக்கைக்குப் பலகை போட்டு உட்காரச் சொன்னேன். தேத்தண்ணீர்க் கோப்பையோடு மெதுவாகப் பின்னால் சரிந்தார். அடி ஒன்றும் இல்லை. கோப்பைதான் போய்விட்டது. கால் கழன்றதோடு ஆணி போன இடத்தில் மரமும் கீறிவிட்டது.

உளிச்சத்தம் | ஞாயிறு, மாலை 7.20

மாமா சுகம்தானே? அப்போ நன்றாய்ப் போயிற்று, இனி ஒழுங்காகச் செய்வீர்கள்.

முதிரையில் வழி துளைக்காமல் ஆணி அடித்தால் கீறாமல் என்ன செய்யும். அதைவிடப் பெரிய பிழை பசை. அந்தக் காலத்துக் கதிரைகளில் உள்ளே இருப்பது வச்சிரப்பசை, மாட்டுத்தோலில் காய்ச்சியது. காய்ந்து கண்ணாடிபோல இருக்கும். அதற்கு மேல் வெள்ளைப் பசையை ஊற்றினால் பழைய பசையைத்தான் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது.

காலை முழுதாகக் கழற்றுங்கள். கழுந்தையும் (துளைக்குள் செருகுகிற நுனி) துளையையும் சுடுநீரில் நனைத்த துணியால் சுற்றி அரை மணித்தியாலம் விட்டால் வச்சிரம் கூழாகும். உளியால் வழித்து மரம் தெரியும்வரை எடுத்து, ஒருநாள் காயவிடுங்கள். பிறகு பசை போடாமல் செருகிப் பாருங்கள். தளர்வாக இருந்தால் கழுந்தின் பக்கத்தில் மெல்லிய மரச்சீவலை ஒட்டி இறுக்கமாக்குங்கள். கையால் தட்டினால் போகவேண்டும், சுத்தியல் கேட்கக்கூடாது. அதன்பிறகுதான் பசை.

இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் வாங்க வேண்டாம். பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டிக் காலைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். அல்லது கயிற்றை இரண்டு சுற்றுப் போட்டு நடுவில் ஒரு தடியைச் செருகி முறுக்குங்கள், தண்ணீர் ரங்கியைக் கட்டி இறுக்குகிற மாதிரி. பொருத்தின் விளிம்பில் பசை நூல்போலப் பிதுங்கி வந்தால் போதும், நிறுத்துங்கள். ஈரத்துணியால் உடனே துடைக்கவேண்டும். காய்ந்த பசையின் மேல் பொலிஷ் ஏறாமல் வெண்தேமல் மாதிரித் தெரியும். கதிரையைச் சம நிலத்தில் வைத்து நாலு காலும் தொடுகிறதா பார்த்துவிட்டு 24 மணித்தியாலம் திரும்பியும் பார்க்காதீர்கள்.

கீறலுக்கும் பசையை விட்டு அதே மாதிரிக் கட்டுங்கள். அலுமாரியில் ஏதாவது ஒட்டுவதென்றால் ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரால் துடையுங்கள். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது.

பரந்தன்காரன் | புதன், இரவு 8.15

கால் நிற்கிறது. நான் மேலே ஏறி நின்று பார்த்தேன்.

இன்னொரு கதை. அலுமாரிக் கதவைக் கண்ணாடியால் சுரண்டிக்கொண்டு வரும்போது வலது கதவின் நடுவில் 'கிறீச்' என்றது. பச்சைக்குக் கீழே சிமெந்து நிறத்தில் பட்டி வைத்து அடைத்த ஓர் இடம். குத்தி எடுத்தேன். உள்ளே நெல்மணியிலும் கொஞ்சம் பெரிய இரும்புத் துண்டு, கறள் பிடித்து, ஒரு பக்கம் கத்தி மாதிரி. ஷெல் துண்டுதான், வேறென்ன. சுற்றிவர மரம் நீலக் கறுப்பாக ஊறிப் போயிருக்கிறது. துண்டை யன்னல் கட்டில் வைத்திருக்கிறேன், எறியவும் மனமில்லை, வைத்திருக்கவும் மனமில்லை.

உளிச்சத்தம் | புதன், இரவு 8.50

எடுத்தது நல்லது. உள்ளே இருந்தால் ஈரம் படுகிறபோதெல்லாம் அந்தக் கறுப்பு பரவிக்கொண்டே போகும். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்த நிறம் அது. சாண்ட் பேப்பரால் முழுதாகப் போகாது, ஆழமாகத் தேய்த்துப் பள்ளம் விழுத்தாதீர்கள்.

எங்கள் பக்கத்து மரம் என்றால் இது புதினமில்லை. சண்டை முடிந்து வந்த முதல் இரண்டு மூன்று வருசம் என் சீவுளி அலகுகள் எத்தனை பல்லுப் போயின என்று கணக்கில்லை. பனைமரம் கீறுகிற வாள்காரர்கள் முதலில் மரத்தைச் சுற்றி நடந்து பட்டையில் தழும்பு பார்ப்பார்கள். மற்றப் பலகைகளிலும் காந்தம் ஒன்றை வைத்து இழுத்துப் பாருங்கள்.

ஓட்டைக்கு அதே அலுமாரியின் மறைவான இடத்தில் ஒரு சிராய் எடுத்து முளை செய்து அடைக்கலாம். இழை ஓடுகிற திசை ஒத்திருக்கவேண்டும்.

முல்லைக்கடல் | புதன், இரவு 11.20

இந்த இழையை முதலில் இருந்தே வாசித்துக்கொண்டு வருகிறேன், எழுதவில்லை.

எங்கள் அலுமாரியும் தேக்கு. 2009இல் புதுக்குடியிருப்பில் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். திரும்பி வந்தபோது வீட்டுச் சுவர் நின்றது, நிலையும் கதவும்கூட இல்லை. அதன் இடதுபக்க லாச்சியின் அடிப்பலகை உடைந்தபோது அப்பா தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை வெட்டி வைத்து அடித்தவர்; கவிழ்த்தால் பாதி எழுத்துத் தெரியும். இன்றைக்கும் பழைய சாமான் கடைக்குள் போனால் லாச்சிகளை இழுத்து அடியைப் பார்க்கிறது என் வழக்கம். கடைக்காரர்கள் பூச்சி பார்க்கிறேன் என்று நினைப்பார்கள்.

பரந்தன்காரன் | வியாழன், காலை 6.10

அக்கா, இப்போதுதான் இரண்டு லாச்சியையும் கவிழ்த்துப் பார்த்தேன். சாதாரணப் பலகைதான்.

முல்லைக்கடல் | வியாழன், காலை 6.25

தெரியும் தம்பி. இருந்தாலும் பார்த்ததற்கு நன்றி.

இழுக்க வராத லாச்சி என்றீர்கள். ஓடுகிற விளிம்புகளில் மெழுகுதிரியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அம்மா அப்படித்தான் செய்வார்.

கனகராயன்குளத்தாள் | வெள்ளி, இரவு 7.45

பின்னலுக்கு வருவோம். பிரம்பு வாங்கப் போகிறீர்களா, பிளாஸ்டிக்கா? நல்ல பிரம்பு தெற்கில் இருந்துதான் வரவேண்டும். இரண்டு கதிரைக்கு வாங்கினால் உங்கள் கணக்கு அதிலேயே முடிந்துவிடும். நான் பிளாஸ்டிக் பிரம்பில்தான் பின்னினேன். அழகில் ஒரு படி குறைவு. பிள்ளைகள் பால் ஊற்றினால் துடைத்துவிடலாம்.

பழைய பின்னலை வெட்டி எறியும் முன் போனில் கிட்டத்தில் படம் எடுங்கள். முதலில் முன்னும் பின்னுமாக ஒரு வரிசை. அதற்கு மேல் இடம் வலமாக ஒரு வரிசை, பின்னாமல் சும்மா கிடக்கும். மறுபடி முன்பின், சற்று வலப்பக்கம் தள்ளி. நாலாவது வரிசையில்தான் கீழே மேலே என்று பின்னல் தொடங்கும். பிறகு இரண்டு மூலைவிட்டங்கள். கடைசியாக ஓட்டைகளை மறைக்கிற விளிம்புக் கட்டு. ஏழு வேலை. மூலைவிட்டத்தில் ஒரு கண்ணில் பிழை விட்டால் மூன்று வரிசை தள்ளித்தான் தெரியும். நான் இரண்டு தரம் அவிழ்த்தேன், ஒரு தரம் அழுதேன்.

ஓட்டையில் இழையைப் பிடித்து நிறுத்த ஈர்க்குக் கட்டையைச் சீவி ஆப்பு வையுங்கள். முக்கியமானது: உண்மைப் பிரம்பை அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவைத்துப் பின்னினால் காயும்போது தானே இறுகும். பிளாஸ்டிக் இறுகாது. முதல் வரிசையிலேயே விரலால் தட்டினால் தந்திபோலச் சத்தம் வரவேண்டும்.

பரந்தன்காரன் | ஞாயிறு, இரவு 9.00

ஒரு கதிரைக்கு ஐந்து இரவு. இரண்டாவது மூன்று இரவில் முடிந்தது, அதுவும் பாதிக்கு மேல் மனைவி பின்னியது. மூலைவிட்டத்தில் என் கையைத் தட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். விறகு என்ற சொல் இப்போது வீட்டில் கேட்பதில்லை.

கதிரைச் சட்டத்தை 120, 180 நம்பர் சாண்ட் பேப்பரில் தேய்த்து 240இல் முடித்தேன். கை முழுக்கக் கடி. தேய்க்கும்போது முகக்கவசம் போட்டேன், கொரோனாக் காலத்தில் மிஞ்சியது.

உளிச்சத்தம் | ஞாயிறு, இரவு 9.25

முதிரைத் தூள் சிலருக்கு அப்படித்தான் கடிக்கும். நீளக்கைச் சட்டை போட்டு, முடிந்ததும் குளியுங்கள்.

இனிப் பொலிஷ். வெளியே நிற்கிற பொருளுக்கு வார்னிஷ். வீட்டுக்குள் இருக்கிற முதிரைக்கும் தேக்குக்கும் நான் அரக்குப் பொலிஷ்தான் சொல்வேன். கடையில் செலாக் என்று கேளுங்கள், செதில் செதிலாகத் தருவார்கள். ஒரு லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம், கண்ணாடிப் போத்தலில், இரும்புப் பேணியில் கரைத்தால் கறுக்கும். ஒரு இரவு வைத்து, இடைக்கிடை குலுக்கி, பழைய வேட்டித் துணியால் வடியுங்கள். பஞ்சைத் துணிக்குள் வைத்துப் பொட்டணம் கட்டி, இழையோடு நீளமாக இழுக்கவேண்டும். போன இடத்துக்கு உடனே திரும்பிப் போகாதீர்கள். ஆறேழு பூச்சு, இரண்டு பூச்சுக்கு ஒருமுறை 320ஆல் லேசாக. குறை ஒன்று உண்டு: சுடுகோப்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும். கைபிடியில் தேத்தண்ணீர் வைக்கிற மாமாவுக்குச் சொல்லி வையுங்கள்.

காலமும் பார்க்கவேண்டும். மாரியில் பூசினால் காற்றிலுள்ள ஈரம் பட்டுப் பால்போல வெளுக்கும். சோளகக் காற்று எழும்பினால் புழுதி முழுக்க அதில்தான். இப்போது மாசி, நல்ல நேரம். காலையில் பனி ஈரம் காய்ந்தபிறகு, காற்று எழும்புமுன்.

குளிர்தேசத்தான் | ஞாயிறு, இரவு 11.50

பிறந்தது அக்கராயன், இருப்பது தூரத்தில். செலாக்குக்குப் பதிலாக லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூச யாராவது நினைத்தால் ஒரு எச்சரிக்கை. துடைத்த துணிகளைக் கசக்கி ஒரு மூலையில் குவித்து வைக்காதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறும். குவியலுக்குள் சூடு போக வழி இல்லாவிட்டால் நெருப்பு வைக்காமலே பற்றும். என் கராஜில் ஒரு வாளி எரிந்தது, நல்ல காலம் சீமெந்து நிலம். துணியை விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள். வன்னி வெயிலில் இன்னும் கவனம்.

பரந்தன்காரன் | சனி, மாலை 5.30

கீழ்ப்பலகைக்குக் கீழே கறுப்புக் கடதாசி விரித்துப் பத்து நாளாகிறது. தூள் இல்லை. இருந்தாலும் வெண்காரம் இரண்டு தரம் ஊற்றிவிட்டேன். வலது கதவில் தேக்கு முளை வைத்தேன். சுற்றிவர உள்ள கறுப்பு அப்படியே இருக்கிறது, பொலிஷ் ஏற ஏற இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சரி, இருக்கட்டும்.

மாமரத்துக்குக் கீழே பொலிஷ் போட்டேன். நாலாவது பூச்சு ஈரமாக இருக்கும்போது வீட்டுக் கோழி கைபிடியில் ஏறி இரண்டு அடி நடந்தது. ஸ்பிரிட் தொட்ட பொட்டணத்தால் தடவினால் அரக்கு தானே கரைந்து சமமாகும் என்று ஐயா தனிமடலில் சொன்னார். கைபிடியில் இருந்தது போய்விட்டது. நுனியில் ஒரு விரல் அடையாளத்தை மகள் அழிக்கவிடவில்லை.

கணக்கு: றிமூவர் 1,450, சாண்ட் பேப்பர் 1,080, பசை 620, வெண்காரமும் போரிக்கும் 780, பிளாஸ்டிக் பிரம்பு 2,600, செலாக் 1,900, ஸ்பிரிட் 950, புதுப் பிணைச்சலும் ஸ்குரூ ஆணியும் 640. மொத்தம் 10,020. இருபது ரூபா கூடிவிட்டது.

ஒட்டுசுட்டான் தம்பி | சனி, மாலை 5.41

அண்ணை, என்னிடம் மேசை ஒன்று இருக்கிறது. வெள்ளைப் பெயின்ற் போன வருசம்தான் அடித்தேன். நேற்று அடியைச் சுரண்டிப் பார்த்தேன். மஞ்சளாக இருக்கிறது. நகம் இறங்கவில்லை.

உளிச்சத்தம் | சனி, மாலை 5.50

😀

பரந்தன்காரன் | சனி, மாலை 6.02

தம்பி, றிமூவர் அரை ரின் மிச்சம் இருக்கிறது. செலாக் ஐம்பது கிராம் இருக்கும். பரந்தன் சந்திப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். வரும்போது மேசையைப் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள், மனைவிக்குக் காட்டவேண்டும்.